சோதித்துப் பார்த்த வாத்தியார் – ஆபிரகாம் கோவூர்



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நம்ம வகுப்பில் பாதிப்பேர் அப்துல் கலாமை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்ட மனிதரின் பெயரை உங்கள் தாத்தா காலத்து ஆட்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். டாக்டர் கோவூர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நம்ம ஊர் முட்டைக் கதையை ஞாபகப்படுத்திவிடுகிறேன்.

2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த நேரம். நான் அப்போது எட்டாவது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தில் மண் எடுத்தபோது டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்று ஒரு சேதி கிளம்பியது. ஒரே நாளில் எல்லார் செல்போனிலும் அந்தப் படம்தான். நானும் எங்க பெரியப்பா மகனும் சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டோம். போய்ப் பார்த்தால் உருண்டை உருண்டையாகக் கல். சிறிசும் பெரிசுமாகக் கிடந்தது. பார்த்த உடனே எனக்கு முட்டை என்றுதான் தோன்றியது. முட்டை என்று கேள்விப்பட்டுத்தானே போனேன், வேறு எப்படித் தோன்றும்?

நிலவியல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இவை முட்டை இல்லை, அம்மோனைட் சம்பந்தப்பட்ட படிவங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மோனைட் என்பது நத்தை மாதிரி சுருண்ட ஓடு கொண்ட கடல் உயிரி. அரியலூரும் பெரம்பலூரும் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம். கடலடிச் சேற்றில் செத்து விழுந்த உயிரியைச் சுற்றித் தாதுப்பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கெட்டிப்பட்டால் இப்படி உருண்டைக் கல் உண்டாகும். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், அந்த ஓட்டில் மைக்ராஸ்கோப்பில் தெரிகிற காற்றுத் துளை இருக்க வேண்டும். ஒரே இனத்து முட்டைகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஒன்று தேங்காய் அளவும் இன்னொன்று பானை அளவும் இருக்காது.

முதல் சேதி ஒரே நாளில் ஊரெல்லாம் போச்சு. இரண்டாவது சேதி எங்க தெருவுக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. எங்க அப்பாயி இன்னமும் அதை முட்டை என்றுதான் சொல்லுது.

இதை மனசில் வைத்துக்கொண்டு கோவூரிடம் வருவோம்.

ஆபிரகாம் தாமஸ் கோவூர் 1898 ஏப்ரல் 10-ஆம் தேதி கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தார். (அதே 1898-இல் பிறந்தவர்தான் நம்ம சாத்தனூர் கல்மரத்தை 1940-இல் கண்டறிந்து சொன்ன நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். இரண்டு பேருக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை, எனக்குப் பிடித்திருந்தது, எழுதிவிட்டேன்.) கோவூரின் அப்பா சாதாரண ஆள் இல்லை. மார்த்தோமா திருச்சபையில் விகார் ஜெனரலாக இருந்த பெரிய பாதிரியார். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் தம்பி பெகனனோடு கல்கத்தாவுக்குப் போய் வங்கபாசி கல்லூரியில் படித்தார். படித்தது தாவரவியலும் விலங்கியலும். அந்தத் தம்பி பிற்காலத்தில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், யோகாசனத்தை அறிவியல் முறைப்படி ஆராய்ந்து 1937-இல் புத்தகம் போட்டார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே வியாதி, எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

கல்கத்தாவிலிருந்து ஊருக்கு வந்தபோது நடந்ததாகச் சொல்கிற ஒரு கதை உண்டு. கங்கைத் தண்ணீர் கொண்டு வந்தாயா என்று ஊரார் கேட்டார்கள். இவர் பக்கத்தில் கிடைத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கங்கைத் தண்ணீர் என்று கொடுத்துவிட்டார். கொஞ்ச நாள் கழித்து, அதைக் குடித்து நோய் தீர்ந்தது என்று ஆட்கள் வந்து சொன்னார்களாம். இந்தக் கதை அவர் வாயால் வந்தது. வேறு சாட்சி கிடையாது. கோவூரைப் படித்தவன் கோவூர் சொன்னதையும் அப்படியே விழுங்கக் கூடாது இல்லையா? ஆனால் நடந்திருக்கக்கூடிய சங்கதிதான். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு எல்லாம் பெரும்பாலும் தானாகவே சில நாளில் சரியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தோமோ அதற்குப் பேர் போய்விடுகிறது.

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு 1928-இல் இலங்கைக்குப் போனார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் வாத்தியார் வேலை. தாவரவியல் வாத்தியாரைப் பைபிள் பாடமும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பையன்கள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினார்கள். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மார்க் வந்தது, பக்தி போய்விட்டது என்பது காரணம் என்று சொல்வார்கள். அதன் பிறகு காலி ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசை செயின்ட் தாமஸ் கல்லூரி, கடைசியில் கொழும்பு தர்ஸ்டன் கல்லூரி. 1959-இல் ஓய்வு பெற்றார். முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை அது. நான் அவரை முதலில் வாத்தியார் என்றுதான் நினைக்கிறேன், மற்ற பட்டமெல்லாம் அப்புறம்.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷன் ஈசிசேரில் சாயவில்லை. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கொழும்பில் பாமன்கடை லேனில் அவர் வீடு. வீட்டுக்குத் திருவல்லா என்று சொந்த ஊர்ப் பெயரை வைத்திருந்தார். பேய் பிடித்தது, வீட்டுக் கூரையில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பற்றுகிறது என்றால் அந்த வீட்டுக்குத் தேடி வந்து அழைப்பார்கள். இவரும் போவார்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். போன உடனே பேய் இருக்கிறதா இல்லையா என்று வாதம் பண்ண மாட்டார். கல் விழுகிறது என்றால் எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது வீட்டில் யார் யார் எங்கே இருந்தார்கள், யார் வெளியூர் போன நாளில் விழவில்லை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரிப்பார். பல வீடுகளில் கடைசியில் தெரிய வந்தது, கல்லை எறிந்தது அந்த வீட்டு ஆளே. பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒரு சின்னப் பிள்ளை, அல்லது மனசுக்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிற ஒரு பெண். சில பேருக்குத் தான் செய்கிறோம் என்பதே தெரியாது. அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது அவர் நோக்கமில்லை. உட்கார வைத்துப் பேசுவார், மனோவசியம் செய்வார், வீட்டாரிடம் இந்தப் பிள்ளையை இன்னும் பிரியமாக நடத்துங்கள் என்பார். பேயை ஓட்டுகிறவன் அடித்தான், புகை போட்டான். இவர் கதை கேட்டார். அவர் கையாண்ட ஒரு சம்பவத்தை வைத்து 1972-இல் மலையாளத்தில் புனர்ஜென்மம் என்று படம் வந்தது. அதையே 1973-இல் தமிழில் மறுபிறவி என்று எடுத்தார்கள், முத்துராமனும் மஞ்சுளாவும் நடித்தார்கள்.

1963-இல் அவர் விட்ட சவால்தான் அவர் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அற்புத சக்தி இருப்பதாகச் சொல்கிற யாராக இருந்தாலும், ஏமாற்று வழி இல்லாத நிலைமையில் ஒரே ஒரு காரியத்தைச் செய்து காட்டினால் இலங்கைப் பணம் 1 லட்ச ரூபாய் பரிசு. 23 காரியங்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். மூடி ஒட்டிய கவருக்குள் இருக்கிற ரூபாய் நோட்டின் எண்ணைப் படிக்கலாம். தண்ணீர் மேல் நடக்கலாம். தண்ணீரைப் பெட்ரோலாக மாற்றலாம். தீக்கங்கு மேல் அரை நிமிஷம் கொப்புளம் வராமல் நிற்கலாம்.

இந்தக் கடைசி வரியில் இருக்கிற வாத்தியார் மூளையைப் பாருங்கள். நடக்கலாம் என்று போடவில்லை, நிற்க வேண்டும் என்று போட்டார். நம்ம ஊர்த் தீமிதியில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். கரிக்கங்குக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைவு. கால் அதில் படுகிற நேரமும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நொடிக்குள்தான். அதனால் வேகமாகக் கடந்து போய்விட முடிகிறது. அதே கங்கில் அரை நிமிஷம் நின்றால் கதை வேறு. முதல் வருஷ இயற்பியலில் நாம் படித்த வெப்பக் கடத்தல்தான் இது, நாம்தான் அதைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிட்டோம். சவாலுக்கு வருகிறவர் 1000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும் என்றும் வைத்தார், வெட்டிப் பேச்சு ஆட்களைத் தவிர்க்க. 1978-இல் அவர் சாகிற வரை 1 லட்சத்தை யாரும் வாங்கவில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஒரு கடிதம். ஜப்பான் சீக்கோ கடிகாரக் கம்பெனி முதலாளி புட்டபர்த்தி சாயிபாபாவைப் பார்க்க வந்ததாகவும், ஜப்பானில் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்த கடிகாரத்தைப் பாபா அந்த நிமிஷமே இங்கே வரவழைத்ததாகவும் ஒரு கதை அச்சில் வந்து பரவியது. அந்தக் காலத்தில் அதைப் படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டிருப்பார்கள். கடிகாரம் காற்றில் வருமா வராதா என்று. கோவூர் அந்தச் சண்டைக்கே போகவில்லை. 1973-இல் ஜப்பானில் இருந்த சீக்கோ தலைவர் ஷோஜி ஹத்தோரிக்கே கடிதம் எழுதி, இப்படி நடந்ததா என்று கேட்டுவிட்டார். தான் அந்தச் சாமியாரைச் சந்தித்ததே இல்லை என்று பதில் வந்தது. முடிந்தது. ஒரு தபால் செலவு.

எப்படி நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், நடந்ததா என்று கேட்க வேண்டும். தோழர்களே, குன்னத்தில் நானும் என் அண்ணனும் செய்யாமல் விட்டது இதைத்தான். இந்த முட்டை எந்த டைனோசருடையது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். முட்டையா என்று கேட்கவில்லை.

கோவூர் செத்த பிறகு 1996-இல் நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய கூத்து நடந்தது. ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை மூலிகையைத் தண்ணீரில் போட்டுப் பெட்ரோல் எடுக்கிறார் என்று பத்திரிகையெல்லாம் எழுதியது. டெல்லி ஐ.ஐ.டி. வரைக்கும் போய்ச் செய்து காட்டினார். எங்க அப்பா அப்போது சின்னப் பையன், இனி பெட்ரோல் இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஊரே பேசிக்கொண்டதாம். பிறகு கட்டுப்பாடோடு சோதித்தபோது மூலிகையிலிருந்து பெட்ரோல் வரவில்லை. விற்றதெல்லாம் பெட்ரோலியக் கலவை என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது, 2016-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. தண்ணீரைப் பெட்ரோலாக்குவது 1963-லேயே கோவூர் பட்டியலில் இருந்தது! படித்த பெரியவர்களே அன்றைக்கு ஏமாந்தார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. விஞ்ஞானி இயற்கையைச் சோதித்துப் பழகியவர். இயற்கை ஏமாற்றாது, மனுஷன் ஏமாற்றுவான். அதைப் பிடிக்க வித்தைக்காரனின் கண் வேண்டும். கோவூருக்குப் பின்னால் அந்தச் சவாலைத் தொடர்ந்து நடத்திய கோயமுத்தூர் போத்தனூர் பிரேமானந்த் (2009-இல் காலமானார்) இந்த வித்தைகளைக் கையாலேயே செய்து காட்டக் கூடியவர்.

விஞ்ஞானிகளும் தப்புவார்கள் என்பதற்கு நம்ம மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. அரியலூர் பாறையில் கிடைத்த எலும்புகளை வைத்து 1979-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு டைனோசருக்கு திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதுகில் தகடு கொண்ட டைனோசர் வகை என்றார்கள். கேட்கவே பெருமையாக இருக்கிறது. 1990-களில் சங்கர் சாட்டர்ஜி என்ற இன்னொரு அறிஞர் அந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு, இது டைனோசரே இல்லை, கடலில் நீந்திய வேறு ஊர்வன என்று எழுதினார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எலும்பு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது, எடுத்துப் பார்க்க வழி இருந்தது. ராமர் பிள்ளையின் மூலிகையை எடுத்துப் பார்க்க வழி இல்லை.

கோவூரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. அவரும் மனைவி அக்காவும் (அந்த அம்மாவின் பெயரே அக்காதான்) எந்த நல்ல காரியத்தையும் வேண்டுமென்றே கெட்ட நேரத்தில்தான் தொடங்குவார்களாம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதுவார். ஒரு குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சோதனை ஆகாது என்பது என் அபிப்பிராயம். ராகு காலத்தில் புறப்பட்டுத் தப்பித்தவரும் உண்டு, நல்ல நேரத்தில் புறப்பட்டு விழுந்தவரும் உண்டு. ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தால்தான் பேச முடியும். நம்ம துறையில் ஒரே ஒரு கான்கிரீட் கியூபை உடைத்துப் பார்த்துவிட்டுப் பாலத்துக்கு ஒப்புதல் கொடுப்போமா? மூன்று கியூப் போட்டு, ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று உடைத்துச் சராசரி எடுக்கிறோம். மூட்டை மேல் 53 கிரேடு என்று அச்சடித்திருந்தாலும் லேபில் சோதிக்கிறோம். கோவூர் அந்த விஷயத்தில் ஒரு கியூபோடு நிறுத்திக்கொண்டார். சாமியார்களுக்கு அவர் எழுதிய பதில்களில் கேலியும் கொஞ்சம் தூக்கல்.

மனைவி 1974-இல் இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். 1978 செப்டம்பர் 18-ஆம் தேதி கோவூர் எண்பது வயதில் இறந்தார். சடங்கு இல்லை. கண்களைக் கண் வங்கிக்கும், உடலை மருத்துவ மாணவர்களுக்கும் எழுதி வைத்திருந்தார். எலும்புக்கூட்டைத் தான் கடைசியாக வேலை பார்த்த தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் லேபுக்கு எழுதி வைத்திருந்தார்.

இந்த மனிதரை நான் ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்க அப்பா சுண்ணாம்புக் கல் லாரி ஓட்டுகிறவர். சர்க்கரை வியாதி. போன வருஷம் அவர் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஒரு இலைச்சாற்றை 48 நாள் குடித்தால் சர்க்கரை அடியோடு போய்விடும், மாத்திரை வேண்டாம் என்று. அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். கால் விரலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் நின்றது. நான் சத்தம் போட்டேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். நாலு எழுத்துப் படித்த திமிரா என்று அப்பா கேட்டார். அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. அம்மா அழுதுச்சு.

அந்த வாரம்தான் கிளை நூலகத்தில் கோவூரின் புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது, கைக்குக் கிடைத்தது. தமிழ் மொழிபெயர்ப்புதான். பாதி படித்ததும் எனக்குப் புரிந்தது, நான் பேயை ஓட்டுகிறவன் மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன் என்று. அப்புறம் அப்பாவிடம் சண்டைக்குப் போகவில்லை. சாறு வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவோம் வாங்க என்று மட்டும் சொன்னேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்ட காலத்துச் சீட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது, அதில் வெறும் வயிற்றில் 140. புதுச் சீட்டில் 310. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் அவரே போய் உட்கார்ந்தார். புண் ஆற மூன்று மாசம் ஆச்சு. விரல் தப்பித்தது.

இப்போதெல்லாம் வீடியோ வந்தால் அப்பா அதை எனக்கு அனுப்பிவிட்டு, இது நெசமா பாரு என்று போன் பண்ணுகிறார். நேற்றும் ஒன்று வந்திருக்கிறது. அரியலூர் பக்கம் சுரங்கத்தில் ஏதோ பெரிய எலும்பு கிடைத்ததாம். ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் லாரியிலேயே போய்ப் பார்க்கிறதாக இருக்கிறோம்.

– மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை